முதலாம் பக்கம் எங்கே?

உ

சட்டன், லண்டன்.
தைப்பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை.

விடயம்: நிரந்தர வதிவிடம் கிடைத்தமையும், அது கிடைக்கும்வரை எங்களுக்குக் கிடைத்தவையும்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாமா பரமேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் மருமகன் ரதீசன் மிக்க வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் மகள் தயாளினியும், பேத்தி தர்மிகாவும் ஹீட்டர் வேலை செய்யும் நாட்களில் சுகமாகவும் மற்ற நாட்களில் சுவெற்றருடனும் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்காலும் வசந்தமலர் மாமியின் சீனி வருத்தமும் சொன்ன சொல் கேட்டு அடங்கியிருக்க வெஸ்ட் ஈலிங் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வைபரில் எல்லாம் சொல்லியாகிவிட்டதே, பிறகு ஏன் முத்திரைக் கடிதம் என்று மாமி கேட்பா. முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் கணக்குப் பகுதியில் இருந்த நீங்கள் கையெழுத்தில்லாத எதையும் செய்தியாக ஏற்பதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் கல்யாணப் பேச்சின்போதுகூட, "தம்பி, போனிலை சம்மதம் சொன்னது காணாது. எழுத்திலை ஒண்டு அனுப்பும்" என்று கேட்டு வாங்கி, அதைக் கோப்பில் போட்டவர் அல்லவா நீங்கள்.

ஆகவே எழுத்தில் தருகிறேன். எங்கள் மூவருக்கும் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால் தர்மிகாவின் ஏ லெவல் சோதனைக்கு முன்னரே பெட்டி கட்டியிருப்போம். தயாளினியின் கம்பனி இந்த வருடம் வேறு நாட்டுக்கு மாறுகிறது. அடுத்த விசாவுக்குக் கையெழுத்துப் போட எங்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை. இதை உங்களுக்கு வைபரில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கள் பிரஷர் ஏறியிருக்கும், பிறகு மாமி எங்களுக்குப் போன் எடுத்து எங்கள் பிரஷரை ஏற்றியிருப்பா.

இனி நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். பத்து வருடத்துக்கு முன்னர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து நீங்கள் என் தோளைப் பிடித்து, "தம்பி, என்ரை பிள்ளை உம்மை நம்பித்தான் வாறாள். கண் கலங்க விடாமல் பாத்துக்கொள்ளும்" என்றீர்கள். நானும் நெஞ்சை நிமிர்த்தி "ஓம் மாமா" என்றேன். அந்த நிமிர்ந்த நெஞ்சுடன் ஹீத்ரோவில் இறங்கினால், அங்கிருந்த அதிகாரி என் தாளைப் பார்த்து, "நீங்கள் டிபென்டன்டா?" என்று கேட்டார். நான் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்க முகாமையாளர் என்று விளக்கத் தொடங்க, தயாளினி என் காலை மிதித்தாள். டிபென்டன்ட் என்றால் தங்கி வாழ்பவர். படிக்க வந்தவள் உங்கள் மகள். அவளில் தங்கி வந்தவன் நான். என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயதுத் தர்மிகாவும் தங்கி வந்தவள். அதாவது மாமா, நீங்கள் என்னை நம்பி அனுப்பிய பிள்ளை எங்கள் தலைவி, நானும் பால்பல் விழுந்த என் மகளும் ஒரே பதவி. சீதன வீட்டில் குடியிருந்த எனக்கு இது புதிதா என்று நீங்கள் கேட்கலாம். சீதன வீட்டில் இருந்ததை யாரும் என் அடையாள அட்டையில் அச்சடித்துத் தரவில்லை.

தயாளினி படித்து முடித்தாள், கணக்காளர் வேலை எடுத்தாள், வேலை விசாவுக்கு மாறினாள். நான் சூப்பர்மார்க்கெற்றில் தயிர் அடுக்கினேன். வேலை விசாவில் ஐந்து வருடம் இருந்தால் நிரந்தர வதிவிடம் என்றார்கள். நாலரை வருடம் ஓடியபோது கொரோனா வந்து அந்தக் கம்பனி ஆட்களைக் குறைத்தது. வீட்டில் மூன்று பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்த நேரத்தில்தான் கிங்ஸ்பரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஞானேஸ்வரன் அண்ணை தெய்வம்போல வந்தார். சுவிசில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு இடம்பெயர்ந்தவர். "தம்பி, உமக்குக் கொத்துரொட்டி அடிக்கத் தெரியுமோ?" என்றார். எனக்குச் சாப்பிடத்தான் தெரியும். "ஓம் அண்ணை" என்றேன். ஒரு மாதம் பழகினேன். கையில் கொப்புளம் வந்தது, விசாவில் செஃப் என்று வந்தது. இப்போது நான் தலைவர், தயாளினி என்னில் தங்கி வாழ்பவர். அந்தச் செய்தியை உங்களுக்கு எழுதியதும் நீங்கள் பிள்ளையாருக்குப் பொங்கி, "மருமோன்ரை விசாவிலைதான் இப்ப மகள் நிக்கிறாள்" என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொன்னதாக மாமி சொன்னா. எனக்கும் கொஞ்சம் தலை வீங்கிப்போயிற்று. ஒருநாள் சோபாவில் சாய்ந்திருந்து, "இஞ்சாரும், டிபென்டன்ட், ஒரு தேத்தண்ணி" என்றேன். "மெயின் அப்ளிகன்ற், கேத்தில் அங்கை இருக்கு" என்று பதில் வந்தது.

அந்தத் தலைமையும் நிலைக்கவில்லை. ஞானேஸ்வரன் அண்ணைக்குச் சுவிசில் பேரன் பிறந்தான், அவருடைய மனைவி கடையைப் பூட்டிக்கொண்டு வரச்சொல்லி நின்றா, அண்ணை பூட்டினார். அழுதழுதுதான் பூட்டினார், பாவம், அவரைக் குறைசொல்ல மாட்டேன். இரண்டு மாதத்துக்குள் வேறு வழி காணவேண்டும் என்றபோது தயாளினி இங்கே சட்டனில் ஒரு கம்பனியில் கணக்காளராக ஏற, நான் திரும்பவும் அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டேன். இவ்வளவு நாளும் எங்கள் மனக்கணக்கில் எல்லாம் சேர்ந்து ஐந்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. சந்தோசமாக ஒரு சொலிசிற்றரிடம் போனோம். ஜதுர்ஷிகா என்ற பிள்ளை, இங்கே பிறந்தவள், இங்கிலிசில் கதைப்பாள், இடையிடையே முறை சொல்லிக் கூப்பிடுவாள். எங்கள் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஓ நோ அங்கிள்" என்றாள். "நீங்களும் அன்ரியும் சுவாப் பண்ணுற ஒவ்வொரு டைமும் குளொக் சீரோவுக்குப் போகுது. மெயினா இருந்த டைம் வேறை, டிபென்டன்டா இருந்த டைம் வேறை. ரெண்டையும் அட் பண்ண ஏலாது." பாம்பும் ஏணியும் விளையாட்டில் ஒருவர் ஏற மற்றவர் இறங்குவார், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மாறி மாறிப் பாம்பின் வாயில் விழுந்திருக்கிறோம்.

போன வருடம் கம்பனி மாறப்போகிற செய்தி வந்ததும் கடைசி நம்பிக்கையாக அதே பிள்ளையிடம் திரும்பப் போனோம். எங்களை இருத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தாள். பிறகு, "அங்கிள், நீங்கள் ஃபர்ஸ்ட் லாண்ட் பண்ணினது எப்ப?" என்றாள். சொன்னேன். "இடையிலை விசா இல்லாமல் ஒருநாளும் இருக்கேல்லைத்தானே? லோங்கா வெளியிலை நிக்கேல்லைத்தானே?" இல்லை என்றோம். "அப்ப ரென் இயர்ஸ் றூட் இருக்கு. லீகலா பத்து வருஷம் இருந்தாச் சரி. என்ன விசா எண்டு பாக்க மாட்டினம். ஸ்ருடன்ட், வேர்க், எல்லாத்தையும் அட் பண்ணலாம்." நான் தயங்கித் தயங்கி, "டிபென்டன்டாய் இருந்ததுமோ, பிள்ளை?" என்று கேட்டேன். "ஓம் அங்கிள், அதுவும் கவுண்ட்" என்றாள், தேத்தண்ணிக்குச் சீனி போடுவீர்களா என்று கேட்பதுபோல. மாமா, உங்களிடம் எதற்கு மறைக்கவேண்டும், எனக்கு அந்தக் கதிரையிலேயே கண் நிறைந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்ட வருடங்கள் அவை. தயிர் அடுக்கிய வருடங்கள், உங்கள் மகளின் பெயருக்குக் கீழே என் பெயர் நின்ற வருடங்கள். அவையும் கணக்கில் சேரும் என்று ஒரு சின்னப்பிள்ளை சொல்லிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏசி கூடிப்போச்சு என்றேன். அங்கே ஏசி இல்லை.

அதற்குப் பிறகு இந்த நாட்டைப் பற்றிய சோதனை ஒன்று எழுதவேண்டியிருந்தது. தர்மிகா எனக்கு வாத்தியார். மன்னர்களின் பெயர் பிழைத்தால், "அப்பா, கொன்சன்ட்ரேற்!" என்று நான் அவளுக்குப் போட்ட அதட்டலையே எனக்குத் திருப்பிப் போட்டாள். சித்தியடைந்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்குதான். இனி வருவதுதான் உங்களுக்கும் சம்பந்தமானது. கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

கல்யாணப் பதிவிலிருந்து கவுன்சில் கடிதம், கம்பனிக் கடிதங்கள், ஞானேஸ்வரன் அண்ணை சுவிசிலிருந்து அனுப்பிய கடிதம், தர்மிகாவின் பள்ளிக்கூடக் கடிதம் வரை எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஒருநாள் ஜதுர்ஷிகாவின் அழைப்பு. எடுத்த உடனே, "அங்கிள், வேர் இஸ் பேஜ் வண்?" என்றாள். என்ன பிள்ளை என்றேன். விசாப் பகுதியிலிருந்து விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள்: நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு ஆவணத்தின் தலையிலும் பச்சை மையால் இரண்டு என்று பக்க எண் இடப்பட்டுள்ளது, எல்லா ஆவணங்களினதும் முதலாம் பக்கங்கள் விடுபட்டுள்ளன, அவற்றை அனுப்பிவைக்கவும், அத்துடன், வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த ஆவணங்களில் ஒரே மையில் ஒரே கையால் எண்ணிட்டது யார் என்றும் விளக்கவும்.

மூன்று பேரும் ஓடினோம். அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் கல்யாணப் பதிவின் தலையில் ஒரு பச்சைச் சுழி. கவுன்சில் கடிதத்தில் ஒன்று. அண்ணையின் கடிதத்தில் ஒன்று. நான் மன்னர்களைப் பாடமாக்கிப் பெற்ற சான்றிதழில்கூட ஒன்று. பிள்ளையார் சுழி, மாமா! தயாளினி மேசைக்குக் கீழே என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் உடனே, "நான்தான் போட்டனான், பிள்ளை" என்று ஒப்புக்கொண்டேன். பிழை முழுக்க முழுக்க என்னுடையது; உங்கள் மகளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே எழுத்தில் பதிந்து வைக்கிறேன். ஆனால் மூலகாரணம் நீங்கள். "சுழி போடாத தாள் கச்சேரிப் படி ஏறாது" என்று இந்தக் குடும்பத்துக்கு ஓதி வைத்தது யார்?

"வட் இஸ் இற், அங்கிள்?" என்றாள் ஜதுர்ஷிகா. பிள்ளையார் சுழி என்றேன். எதற்கு என்றாள். தடங்கல் ஒன்றும் வராமல் இருக்க என்றேன். அந்தப் பிள்ளை கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அம்மாவும் என்ரை எக்ஸாம் பேப்பர் எல்லாத்திலையும் இதைப் போடச் சொல்லுறவ. நான் இவ்வளவு காலமும் அது நம்பர் ரூ, ரெண்டு எண்டுதான் நினைச்சனான்" என்றாள். அதிகாரியையும் பிழைசொல்ல ஏலாது. பழைய தமிழ் எண்ணில் இரண்டை இப்படித்தான் எழுதுவார்கள் என்று நீங்களே ஒருமுறை எனக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். தனக்கே தெரியாமல் தமிழைச் சரியாக வாசித்திருக்கிறார் அந்த மனிதர்.

சும்மா விளக்கம் எழுதினால் போதாது, இது எங்கள் வழக்கம் என்பதற்கு ஆதாரமும் காட்டினால் நல்லது என்றாள் பிள்ளை. தயாளினி வீட்டுக்குப் போய் அலுமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தாள்: நீங்கள் இந்தப் பத்து வருடமும் அவளுக்கு எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் உங்கள் சுழி, அச்சடித்ததுபோல. அதில் ஒன்றை எடுத்து, மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, முத்திரை குத்துவித்து அனுப்பினோம். எந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். நாங்கள் வந்த அடுத்த வருடம் எழுதியது. "மருமகனுக்கு உத்தியோகம் ஏதும் சரிவந்ததா, அல்லது இன்னமும் பிள்ளையின் உழைப்பில்தான் இருக்கிறாரா?" என்ற வரி அதில் இருக்கிறது. தயாளினி அதுவரை எனக்கு அதைக் காட்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணை, இந்த வரியையும் போடவோ?" என்று கேட்டார். ஜதுர்ஷிகா போடுங்கோ என்றாள். நான் தங்கி வாழ்ந்தேன் என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி வேறெங்கும் இல்லையாம். மாமா, எனக்கு அப்போது கொஞ்சம் சுட்டது என்பது உண்மை. இப்போது சுடவில்லை. நீங்கள் அன்றைக்கு மனதில் பட்டதை எழுதியபடியால்தான் இன்றைக்கு நான் இந்த நாட்டில் நிற்கிறேன். நன்றி, மாமா. இதைக் குத்தலாக எழுதவில்லை.

பொங்கலுக்கு அரிசி வேண்டப் போன இடத்தில்தான் மின்னஞ்சல் வந்தது. தயாளினி கடைக்கு நடுவில் நின்று இரண்டு தரம் வாசித்தாள். தர்மிகா, "சோ, வி கான் ஸ்ரே? இஞ்சையே இருக்கலாமோ?" என்று கேட்டாள். தயாளினி தலையை மட்டும் ஆட்டினாள். நான் அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு இந்த ஊரில் எல்லோரிலும் அன்பு வந்தது. கிங்ஸ்பரியில் கொத்துக் கரண்டியைக் கையில் தந்த அண்ணையில், சிரித்த பிள்ளையில், முதலாம் பக்கத்தைத் தேடிய அந்த அதிகாரியிலும்கூட. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மகளில். நான் இறங்கிய நேரமெல்லாம் அவள் ஏறினாள். ஏறியதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. கட்டுநாயக்காவில் நீங்கள் எனக்குத் தந்த பொறுப்பை அவள்தான் நிறைவேற்றினாள். இதை உங்களுக்கு எழுதாமல் அவளுக்கே சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். எப்படியும் ஒட்டுவதற்கு முன்னர் அவள் வாசிப்பாள்.

வேண்டுகோள் ஒன்று. வைகாசியில் நீங்களும் மாமியும் கட்டாயம் இங்கே வந்து நிற்கவேண்டும். அழைப்புக் கடிதத்தை ஜதுர்ஷிகா பார்த்துத் தருவாள். விண்ணப்பத்தில் மட்டும் தயவுசெய்து சுழி போடாதீர்கள். இந்தக் கடிதத்தின் தலையிலும் சுழி இல்லாததை நீங்கள் உடனே கவனித்திருப்பீர்கள், கோபமும் வந்திருக்கும். அவமரியாதை இல்லை. இனிமேல் எந்தத் தாளிலும் சுழி போடுவதில்லை என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையாரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

உங்கள் பொங்கல் பொங்கி வழியவும், மாமி சர்க்கரைப் பொங்கலை மணந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் இறைவனை இறைஞ்சி,

இத்தனை நாளும் தங்கி வாழ்ந்து, இனி நிரந்தரமாகவே தங்கப்போகும் உங்கள் மருமகன்,
ரதீசன்.

பி.கு.: அப்பா, இது நான், தயாளினி. இவர் ஒட்டச் சொல்லித் தந்தவர், வாசிச்சுப்போட்டன். எல்லாம் சரி, ஒண்டைத் தவிர. அந்தச் சுழியள் ஒண்டும் இவர் போட்டதில்லை. நான்தான் போட்டனான். ஸ்கான் பண்ணமுதல் பயத்திலை ஒவ்வொரு தாளாய் எடுத்து, நீங்கள் சொல்லித் தந்தமாதிரியே போட்டனான். கணக்குச் சரிபாக்கிற பச்சைப் பேனை ஆரிட்டை இருக்கும் எண்டு கணக்குப் பகுதியிலை இருந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளை கேட்ட உடனை இவர் நான்தான் எண்டு சொல்லிப்போட்டார். வீட்டை வந்து ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேட்டன். "இவ்வளவு காலமும் எல்லாம் உம்மடை பேரிலைதானே இருந்தது. ஒரு பிழையெண்டாலும் என்ரை பேரிலை இருக்கட்டும்" எண்டார்.

நீங்கள் அண்டைக்கு அந்தக் கடிதத்திலை கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி எழுதேல்லை. இப்ப எழுதிறன். ஆர் ஆரிலை தங்கி இருக்கினம் எண்டு எங்களுக்கே தெரியேல்லை, அப்பா.

வாக்குக் குடுத்தது இவர், நான் குடுக்கேல்லை. மேலை சுழி போட்டுத்தான் ஒட்டிறன். நீங்கள் முதலாம் பக்கத்தைத் தேடாதேங்கோ.